சிவில் நிவாரணம், கிரிமினல் கோர்ட்: பாதுகாப்பு ஆணை கடந்து வந்த வழி

1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் உருவான செகந்திராபாத்துக்கு, மதராஸ் படையோடும் பிறகு ரயில்வேயோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றின் வழித்தோன்றல்கள் மாரெட்பள்ளியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இன்றும் வாழ்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சென்னை, பெங்களூரு வரை நீள்கிறது. சென்னையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், அடி தாங்காமல் மாரெட்பள்ளியில் உள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கணவன் தன்னை நெருங்கக் கூடாது என்ற ஆணையை அவள் எந்த ஊரில் கேட்பது? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, 27ஆம் பிரிவில் இதற்கு விடை சொல்கிறது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமே போதும். மனுவைச் செகந்திராபாத்திலேயே போடலாம், பிறக்கும் ஆணை இந்தியா முழுவதும் செல்லும்.

இந்தச் சட்டத்துக்கு முன்பு அவளுக்கு மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் அரைகுறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்கீழ், நிர்வாக நடுவர் கணவனிடம் அமைதி காப்பதற்கென ஓராண்டு வரையிலான பிணை கேட்க முடிந்தது. அந்தப் பிரிவு தெருவின் அமைதியைக் காக்க எழுந்தது. படுக்கையறைக்குள் நடப்பது அதன் கவலையே அல்ல. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளைப்படி இடைக்காலத் தடையாணை கேட்க வேண்டுமானால் முதலில் ஒரு மூல வழக்கு இருக்க வேண்டும். அடியிலிருந்து தப்ப நினைத்தவள் மணவிலக்கோ சொத்துரிமையோ கேட்டுத்தான் கோர்ட்டுக்குள் நுழைய முடிந்தது. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவால் கணவனைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது, ஆனால் அது அவளுக்கு ஒரு கூரையைத் தரவில்லை. கணவன் ஜாமீனில் வெளியே வரும்போது அவள் அநேகமாகப் புகுந்த வீட்டுக்கு வெளியேதான் நின்றாள்.

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பு, குடும்ப வன்முறைக்கெனத் தனிச் சட்டத்துக்கு ஒரு வரைவைத் தயாரித்தது. 2002இல் அரசு கொண்டுவந்த மசோதாவோ, தன்னையோ சொத்தையோ காத்துக்கொள்ளக் கணவன் செய்த செயலை வன்முறைக் கணக்கிலிருந்து விலக்கியது. அடிப்பதற்குச் சட்டத்திலேயே சாக்கு எழுதிவைத்த மசோதா என்று அதைச் சொன்னால் மிகையாகாது. பெண்கள் இயக்கங்கள் எதிர்த்தன, அது சட்டமாகவில்லை. 2005இல் புதிய மசோதா நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. பாதுகாப்பு, வசிப்பிடம், பணம், குழந்தைப் பொறுப்பு, இழப்பீடு என்று சட்டம் தருபவை எல்லாம் சிவில் நிவாரணங்கள். அவற்றை வழங்கும் பொறுப்போ குற்றவியல் நடுவரிடம் போயிற்று. காரணம் வேகம். மனு வந்த மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. அவசரமென்றால் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் வைத்து எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை இடலாம். பாதுகாப்பு ஆணையை மீறும்போதுதான் குற்றம் பிறக்கிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அறுபது நாள் ஏட்டோடு நின்றது. சிவில் நிவாரணம் குற்றவியல் மன்றத்தில் உட்கார்ந்ததன் விளைவு மட்டும் நிலைத்தது. தெலங்கானா வக்கீல்கள் டி.வி.சி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த மனுவில் பெயர் வந்ததுமே கணவன் வீட்டார் தங்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வழக்கு என்று பதறி, பதில் மனு போடாமல் வழக்கையே ரத்துசெய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 2015இல் கிடுதூரி கேசரி குமார் வழக்கில் ஐதராபாத் உயர் நீதிமன்றம் இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட்டது. நடவடிக்கை சிவில் தன்மையுடையது, விதிவிலக்கான சூழல் தவிர ரத்து மனுவுக்கு இடமில்லை, எதிர்மனுதாரர் எல்லாரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் நிற்க வேண்டியதும் இல்லை என்றது. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் உதவிய அபூர்வமான தீர்ப்பு இது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் பத்மநாபன் வழக்கில் ஏறக்குறைய இதே பாதையில் சென்றார். அடுத்த ஆண்டே அருள் டேனியல் வழக்கில் முழு ஆயம், ரத்து மனு போடலாம் என்று மாற்றியது. 2025 மே மாதம் சௌரப் குமார் திரிபாதி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது, அப்பட்டமான சட்டமீறல் இருந்தாலொழிய உயர் நீதிமன்றம் தலையிடத் தயங்க வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஓகா, 2016இல் பம்பாயில் தாமும் சேர்ந்து எடுத்த எதிர்முடிவு தவறு என்று அதிலேயே பதிவுசெய்தார். பத்தாண்டுகள் நீதிமன்றங்கள் எந்தக் கதவு என்பதைப் பற்றியே வாதாடின. அடி விழுந்ததா இல்லையா என்ற கேள்வி அதுவரை கீழ்க்கோர்ட்டில் காத்துக்கிடந்தது.

வீட்டைப் பற்றிய சண்டை இதைவிடக் கூர்மையானது. சட்டம் வந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு வசிப்புரிமை இல்லை என்றது. வீடு பெரும்பாலும் மூத்த தலைமுறையின் பெயரில் இருக்கும் நாட்டில், அந்த ஒரு தீர்ப்பு வசிப்பிட ஆணையைப் பதினான்கு ஆண்டுகள் வெறும் காகிதமாக்கியது என்பது என் மதிப்பீடு. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், மனுதாரர் குடும்ப உறவின் பேரில் நிலையாக வாழ்ந்த வீடு என்றால் உரிமை உண்டு. மாமனார் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடும் உரிமையையும் அவர்கள் பறிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வனிதா வழக்கு, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளை அவசர அவசரமாக வெளியேற்ற முடியாது என்றது. இதற்கு முன்பே 2016இல் ஹர்சோரா வழக்கு, எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை நீக்கிவிட்டதால், மாமியாரும் நாத்தனாரும் நேரடியாக எதிர்மனுதாரர் ஆனார்கள். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணையைப் பெண்ணுக்கு எதிராக இட முடியாது என்ற விலக்கு 19ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது.

சட்ட உதவியின் கதை சுருக்கமானது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமான வரம்பு எதுவுமின்றி எந்தப் பெண்ணும் இலவச வக்கீல் கேட்கலாம். எதிர்த்து நிற்கும் ஏழைக் கணவனுக்கும் வருமான வரம்புக்குள் அதே உதவி உண்டு, அது பலருக்குத் தெரிவதில்லை. மனு எழுத, நிகழ்வு அறிக்கை தயாரிக்க, ஆணையை நடைமுறைப்படுத்த உதவுவதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியைச் சட்டம் உருவாக்கியது. பல மாநிலங்கள் அதை ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் அதிகாரிகளின் கூடுதல் பொறுப்பாகத் தள்ளிவிட்டன. சட்டம் வந்து பத்தொன்பது ஆண்டு ஆகும் நிலையில், 2025 மே மாதம், வீ த விமன் ஆஃப் இந்தியா வழக்கில் அலுவலர்களை வட்ட அளவில்கூட நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

எதிர்ப்பவருக்கு இன்று நேரான பாதை நடுவர் மன்றத்திலேயே இருக்கிறது. பதில் மனு போடலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், முப்பது நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். ஆணை உறுதியான பிறகும், சூழ்நிலை மாறினால் 25ஆம் பிரிவின்கீழ் திருத்தக் கேட்கலாம். 2024 செப்டம்பரில் விஜிகுமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் எல்லை வகுத்தது. மாற்றம் ஆணைக்குப் பிறகு நேர்ந்ததாக இருக்க வேண்டும். அதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.