பேராக்கின் பால்மரமும் அதன் மரபுவளமும்

ரப்பர் மரத்தின் மரபுவளம் என்பது அம்மரக் கூட்டத்துக்குள் தலைமுறைதோறும் கைமாறும் வேறுபாடுகளின் மொத்தம். பால் மிகுதி, பட்டைத் தடிப்பு, நோய் தாங்கும் திறன் அனைத்துக்கும் அதுவே மூலம். மலேசியாவில் அந்த மூலம் மிகக் குறுகியது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் திரட்டிய சுமார் 70,000 விதைகளில் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகள். அவற்றுள் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட்டிலும் தமிழர்கள் தலைமுறைகளாகச் சீவிய நிரைகள் பெரும்பாலும் இந்த ஒரே ஆற்றோரத்துச் சேகரிப்பின் வழிவந்தவை.

ஒட்டுக்கட்டும் முறை இந்தக் குறுகலை மேலும் இறுக்கியது. நல்ல மரத்தின் கிளையிலிருந்து மொட்டுள்ள பட்டைத் துண்டைச் சீவி எடுத்து, நாற்றின் அடித்தண்டில் பட்டையை விலக்கிச் செருகி, நீர் புகாதபடி கட்டிவிடுவார்கள். மொட்டு பிடித்ததும் நாற்றின் மேல்பகுதியை வெட்டிவிட, மேலே வளர்வது தாய்மரத்தின் மாறாத நகல். 1910-களில் டச்சு இந்தியத் தீவுகளில் தேர்ந்த இம்முறையை 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கலப்பினப் பெருக்கத்தோடு இணைத்தது. ஜாவாவின் டிஜிர் 1, சிலாங்கூரின் பிபி 86 ஆகிய இரு ஒட்டினங்களின் கலப்பில் பிறந்த ஆர்ஆர்ஐஎம் 600 ஆசியா முழுதும் பரவியது. தேர்வு செய்யாத விதைமரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோ தந்த இடத்தில் நல்ல ஒட்டினங்கள் அதைப் போல் மும்மடங்கு தந்தன. பால் வடியும் மங்கு நிறைந்தது, ஆனால் காடு முழுதும் ஒரே மரமாயிற்று.

இத்தனை விளைச்சலைத் தந்த அடித்தளத்தைக் குறுகியது என்பது சரியா என்று கேட்கலாம். பாலுக்கான வேறுபாடு அதில் போதிய அளவு இருந்தது உண்மை. நோய்க்கான வேறுபாடு தனிக் கணக்கு. ஹென்றி ஃபோர்டு 1928-இல் தபஜோஸ் கரையில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியாவை இலைக்கருகல் பூஞ்சை அழித்தது; இளந்தளிர் கறுத்துச் சுருங்கி உதிர்ந்தது, மீண்டும் துளிர்த்தது, மீண்டும் உதிர்ந்தது, கடைசியில் கிளைகளே காய்ந்தன. அந்த நோய் ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை, தனிமைப்படுத்தல் சட்டம் போதும் என்பது அடுத்த வாதம். சட்டம் அவசியம்தான். ஆனால் இங்கேயே உள்ள பூஞ்சைகளுக்கு எந்த எல்லைக் காவலும் பொருந்தாது. 1980-களில் இலங்கையில் கோரினெஸ்போரா இலைநோய் ஆர்ஆர்ஐசி 103 என்ற ஒட்டினத்தைப் பயிரிலிருந்தே விலக்கவைத்தது. 2017 முதல் மலேசியாவிலும் இலையில் வட்டப் புள்ளி விழுந்து உதிரும் பெஸ்டலோடியாப்சிஸ் நோய் பரவிவருகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, இனி ரப்பருக்கு ஏன் இந்தக் கவலை என்பாரும் உண்டு. சிறுதோட்டக்காரர்கள் இன்னும் ரப்பரை நம்பியிருக்கிறார்கள். செம்பனையின் டெலி வகையும் 1848-இல் ஜாவாவின் போகோரில் நட்ட நான்கே கன்றுகளின் வழி வந்தது. ஆகவே பயிரை மாற்றியதால் குறை நீங்கவில்லை. இக்குறையைத் தீர்க்கத் தக்காளியில் வழி தெரிந்திருக்கிறது: ஆண்டிஸ் மலைப்பகுதியின் காட்டுத் தக்காளிகளிலிருந்து எடுத்த நோய் எதிர்ப்பு மரபணுக்கள் இன்றைய வகைகளைக் காக்கின்றன. ரப்பருக்கும் 1981-இல் பன்னாட்டுக் குழு பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலங்களில் ஏறத்தாழ 65,000 விதைகளைத் திரட்டியது. அதில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. அந்த மரங்கள் பால் குறைவாகத் தருகின்றன என்பது அவற்றைக் கைவிடக் காரணமாகாது. பாலுக்கு நம்மிடம் ஒட்டினங்கள் உண்டு. இல்லாதது எதிர்ப்பு, அது அவற்றில்தான் கிடைக்கக்கூடும். ஒரு கலப்பினம் தேறிவரப் பல பத்தாண்டுகள் ஆகும் பயிரில், நோய் வந்தபின் தேடத் தொடங்கினால் காலம் போதாது. ஆகவே இச்சேகரிப்பைக் காப்பதும், இன்றே கலப்பில் பயன்படுத்துவதும், மறுநடவில் ஒரே ஒட்டினத்தை நிரப்பாமல் பலவற்றைக் கலந்து நடுவதும் அரசும் தோட்ட நிறுவனங்களும் தள்ளிப்போடக் கூடாத கடமை.