வலையிறவுக் காவலரண்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில் காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் எல்லாம் கழிந்த பிறகு குருக்கள்மடம் வருகிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குப் போகும் 'பாதை' என்ற மிதவைப் படகு இங்கிருந்துதான் புறப்படும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைச் சனமும் மேற்கே படுவான்கரைச் சனமும் சந்தித்துக்கொள்ளும் துறைகளில் இதுவும் ஒன்று.

1990 ஜூலை 12ஆம் திகதி, காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைப் புலிகள் குருக்கள்மடத்தில் மறித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஹஜ் கடமையை முடித்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். புதைகுழியைத் தோண்டச் சொல்லி உறவுகள் களுவாஞ்சிகுடி நீதிமன்றத்தை நாடின. அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த தமிழர் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. முகமூடி போட்டு ஆள்காட்டிய தலையாட்டிகளுக்கு முன்னால் அங்கே வரிசையில் நிற்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று இந்தக் கரையில் குடும்பம் நடத்துகிறார்கள். தேசியப் பாதுகாப்பு, புலனாய்வு என்ற சொற்கள் இந்த மக்கள் காதில் எப்படி விழும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தக் காவலரணின் கதைக்குள் போக வேண்டும்.

பிரித்தானியர் காலந்தொட்டு இலங்கையில் உளவு வேலை பொலிஸாரிடமே இருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு, 1984இல், ஜே.ஆர். ஜயவர்தன அரசு தேசியப் புலனாய்வுப் பணியகத்தை உருவாக்கியது. பின்னாளில் அது அரச புலனாய்வுச் சேவை ஆனது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கினாலும், 2019இல் அதன் தலைவராக இருந்தவர் மூத்த பொலிஸ் அதிகாரிதான். பொலிஸுக்குள் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு தனியாக இயங்கியது. இவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று ஆண்டுக்கு என்று வந்து, 1982இல் நிரந்தரமான சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சான்றாகும் என்றது அது. வாக்குமூலம் வாங்கினால் போதும் என்று ஆகிவிட்ட இடத்தில் துப்புத் துலக்கும் திறமை மழுங்காமல் என்ன செய்யும்?

2018 நவம்பர் 30. படுவான்கரையின் வாசலான வவுணதீவில், வலையிறவுக் காவலரணில் இரவுக் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அவர்களுடைய துப்பாக்கிகளும் போய்விட்டன. புலிகளின் மாவீரர் நாள் முடிந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. புலனாய்வுக்காரருக்கு அதுவே போதுமான காரணமாகத் தெரிந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகி, ஏறத்தாழ ஐந்து மாதம் தடுப்பில் இருந்தார். அவருடைய குடும்பம் அந்த மாதங்களில் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. விசாரணையை வேண்டுமென்றே திசைதிருப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு பிற்காலத்தில் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது.

உண்மையான கொலையாளிகள் எழுவான்கரைப் பக்கத்தில் இருந்தார்கள்: பின்னர் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாசிமின் ஆட்கள். காத்தான்குடியில் சஹ்ரானின் பேச்சும் போக்கும் அவ்வூர் முஸ்லிம்களையே முதலில் சுட்டன. 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் சூபி வழியினரை வாளோடு தாக்கினார்கள். அன்றோடு அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி ஊரவர்கள் முறைப்பாடு செய்திருந்தார்கள், பதாகை பிடித்தும் நின்றார்கள். பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு 2018இல் பிடியாணையும் பெற்றது. ஆனால் அந்தப் பிரிவின் தலைவர் அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு வழக்கில் கைதாக, சஹ்ரானைத் தேடும் வேலை தளர்ந்துபோனது. வவுணதீவுக் கொலையைச் சரியாகத் துலக்கியிருந்தால் கை நேராக அவனிடம் போயிருக்கும். இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்: தகவல் சொல்ல ஆள் இருந்தது, சொன்னவர்களை நம்பத்தான் ஆள் இல்லை.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி, சஹ்ரானின் பெயரோடும், தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்ற குறிப்போடும் வெளிநாட்டுத் தகவல் ஒன்று அரச புலனாய்வுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்கு வந்தது. 7ஆம் திகதி அது தேசியப் புலனாய்வுப் பிரதானிக்குக் கடிதமானது. அங்கிருந்து பொலிஸ்மா அதிபருக்குப் போய், 11ஆம் திகதி சில பிரிவுகளுக்கு மட்டும் சுற்றறிக்கையாக இறங்கியது. கடிதம் மேசை மாறிக்கொண்டிருந்தபோதே, ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிக்குப் பக்கத்துப் பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வெடிக்க வைத்துச் சோதனை பார்த்தார்கள். ஐந்தாம் நாள் உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து 31 பேர் இறந்தார்கள். ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் பலர் அதில் அடக்கம். நாடு முழுவதும் இறந்தவர்கள் 260க்கும் மேல்.

வவுணதீவின் உண்மை அதற்குப் பிறகுதான், சஹ்ரானின் சாரதி பிடிபட்டு வாய்திறந்தபோது வெளியே வந்தது. முன்னாள் போராளி மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார்.

2023 ஜனவரி 12ஆம் திகதி, ஏழு நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம், தாக்குதலைத் தடுக்கத் தவறியது குறித்துத் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, பொலிஸ்மா அதிபர் பூஜித ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ் 1 கோடி என்று தத்தம் சொந்தப் பணத்தில் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. நிலந்த ஜயவர்தன 2025 ஜூலையில் பொலிஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். தலைவர்களுக்கு இவ்வளவாவது நடந்தது. அந்தப் போராளியை அடைத்துவைத்த சட்டத்தில் 2022ஆம் ஆண்டு செய்த பெரிய திருத்தம், தடுப்புக் காவலின் உச்ச வரம்பை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. வாக்குமூல விதி அப்படியே விடப்பட்டது.