ஓடிக்கொலோன் வந்த வழி

பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போன ஒருவரின் ஏக்கத்தில் பிறந்தது ஓடிக்கொலோன் என்ற இந்த வாசனைத் தண்ணீர். ஜொவான்னி மரியா ஃபரினா 1685 இல் வட இத்தாலியின் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனியின் கொலோன் நகரம். தான் கலந்த வாசனை, மழை விட்ட பிறகு வரும் இத்தாலிய வசந்தக் காலையை நினைவூட்டுகிறது என்று 1708 இல் சகோதரருக்கு எழுதினார். அதுவரை ஐரோப்பியச் சீமான்கள் பூசியவை கஸ்தூரி போன்ற கனத்த மணங்கள். ஃபரினா திராட்சைச் சாராயத்தை வடித்தெடுத்து, அதில் பெர்கமொட் என்ற நாரத்தை இனத்துக் காயின் தோல் எண்ணெயையும் எலுமிச்சை, தோடை எண்ணெய்களையும் கரைத்தார். 1709 இல் அவர் குடும்பம் கொலோனில் தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது.

வாசனையாகப் பிறந்தாலும் நெடுங்காலம் அது மருந்து வேலை பார்த்தது. வயிற்றுவலிக்குக் குடித்தார்கள், தலைவலிக்கு முகர்ந்தார்கள். மருந்து விற்பவர்கள் அதில் கலந்தவற்றை வெளியிட வேண்டும் என்று 1810 இல் நெப்போலியன் ஆணை போட்டார். ரகசியத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாத வியாபாரிகள், "இது மருந்தே அல்ல, பூசுகிற வாசனை" என்று விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1794 இல், பிரெஞ்சுப் படை கொலோனைப் பிடித்திருந்தது. நகரத்து வீடுகளுக்கெல்லாம் இலக்கம் போட்டபோது, குளொக்கன்காஸ வீதியில் இதே தொழில் செய்த மியூலென்ஸ் குடும்பத்தின் வீட்டுக்கு விழுந்தது 4711. அதையே 1875 இல் வியாபாரக் குறியாகப் பதிந்தார்கள். உலகம் முழுக்கப் போன போத்தல் அதுதான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இலங்கைக்கு வந்த ஓடிக்கொலோன், யாழ்ப்பாணத்து வீடுகளில் மறுபடியும் மருந்தாயிற்று. காய்ச்சல் அடித்தால் துணியை அதில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். மயங்கி விழுந்தவருக்கு லேஞ்சியில் இரண்டு சொட்டு விட்டு மூக்கடியில் பிடிப்பார்கள். செத்தவீட்டிலும் அதைத் தெளிப்பது வழக்கம். இதனால், நல்ல நாளில் அதைப் பூசிக்கொண்டு வருபவரை, "என்ன, ஆஸ்பத்திரி மணக்குது?" என்று கேலி செய்யவும் ஆள் இருந்தது. நெப்போலியனுக்குப் பயந்து கைவிட்ட உத்தியோகத்தை இங்கே யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது போர். 1980களில் இருந்து ஈழத்தமிழர் ஜெர்மனிக்குப் போகத் தொடங்கினர். கொலோன் இருக்கும் நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் பெருந்தொகையாகக் குடியேறினர். 2002 இல் ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் வைத்துக் கோயில் எழுப்பியது இவர்கள்தான். யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் கீரிமலையும் சுற்றுவட்டாரமும் அதே போரில், 1990 இல், ஆள் இல்லாமல் போயின. அந்த வருடம் ஒக்டோபரில் அங்குள்ள நகுலேஸ்வரம் கோயிலில் குண்டு விழுந்தது. பிறகு அந்தப் பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. போர் முடிந்த பின்புதான் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஊருக்கு வருகிற பிள்ளைகளின் சூட்கேசில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே சென்ட் போத்தலும் வரும்.

"அப்பா, அது விலையான சென்ட். தண்ணி மாதிரி ஊத்தாதேங்கோ" என்பான் மகன்.

"சேவ் எடுத்த முகத்துக்குத் தண்ணி மாதிரித்தான் வேணும், தம்பி" என்பார் தகப்பன்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. கீரிமலைக்கு முகத்தோடு பழைய உறவு உண்டு. கீரி முகம் கொண்ட நகுல முனிவரும், குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அங்குள்ள தீர்த்தக் கேணியில் நீராடி மனித முகம் பெற்றார்கள் என்பது தலபுராணம். சுண்ணாம்புப் பாறையில் ஊறி இறங்கிய மழைநீர் கடலை ஒட்டி நன்னீராகவே பொங்குகிறது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் வந்து முழுகுகிறார்கள். துடக்குக் காலத்தில் வளர்த்த தாடியோடு அந்தியேட்டிக்கு வந்த மகன், கிரியை முடிந்து வழித்த கன்னத்தோடு வீடு திரும்புவான்.

வழித்த கன்னத்தில் ஸ்பிரிட் பட்டால் ஏன் எரிகிறது? தோலில் சூட்டை உணரும் நரம்பு வாங்கி ஒன்று 42 பாகை செல்சியசுக்கு மேல்தான் விழிக்கும். ஸ்பிரிட்டில் உள்ள எதனோல் பட்டதும் அந்த எல்லை 34 பாகைக்கு இறங்கிவிடுகிறது. உடம்புச் சூடே அதற்கு நெருப்பாகத் தெரியும். ஸ்பிரிட் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோவதால் அடுத்த கணம் குளிரும். கிருமியும் குறையும். ரத்தக் கசிவை நிறுத்துவது மட்டும் படிகாரத்தின் வேலை. அது ஸ்பிரிட்டில் கரையாது. அதற்குள் போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும். ஈர முகத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் வாசனைத் தண்ணீர்.

சென்டைச் சேவ் தண்ணீராக்கும் கணக்கு எளிது. ஓ டு பர்ஃபம் வகை சென்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வாசனை எண்ணெய் இருக்கும். ஓடிக்கொலோனில் 2 முதல் 5. சேவ் எடுத்த முகத்துக்கு 1 முதல் 3 போதும். ஆகவே மகன் கொண்டுவந்த சென்டில் 10 மில்லிலீற்றர், மணமில்லாத வொட்கா 85, கிளிசரின் 5. ஓடிக்கொலோன் என்றால் வொட்காவும் வேண்டாம்: அது 70, பன்னீர் 25, கிளிசரின் 5. பன்னீரைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஸ்பிரிட்டின் பலம் குறையும் இடத்தில் எண்ணெய் பிரிந்து, தெளிந்த போத்தல் ஒரு நொடியில் கஞ்சித் தண்ணீராக மங்கும். கெட்டுப்போகவில்லை, குலுக்கிவிட்டுப் பூசலாம், அல்லது இன்னும் கொஞ்சம் ஓடிக்கொலோன் விட்டால் தெளியும். கண்ணாடிப் போத்தலில் வெயில் படாமல் ஒரு கிழமை வைத்தால் மணம் கூடிவரும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது; அதில் இருக்கும் மெதனோல் நஞ்சு.

பெர்கமொட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒரு பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, பிறகு கறுத்து, அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். இப்போது பெரிய கம்பனிகள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைத்தான் பாவிக்கின்றன. பழைய போத்தலோ, தேசிக்காய்த் தோலை ஊறவைத்து வீட்டில் எடுத்த வாசனையோ என்றால் அப்படிச் சொல்ல முடியாது. கீரிமலை வெயிலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின்னேரம் குளித்த பிறகு பூசுவதே புத்தி.

மருந்தென்று விற்றதை வாசனை ஆக்கினார்கள்; வாசனையென்று வந்ததை யாழ்ப்பாணத்தார் மருந்தாக்கினார்கள்; சென்டென்று வந்ததைத் தகப்பன்மார் சேவ் எடுத்த முகத்துக்குத் தண்ணீராக்குகிறார்கள். முந்நூறு வருடத்தில் இதன் வேலையைத் தீர்மானித்தது செய்தவர் அல்ல, வாங்கியவர். கொலோனில் ரகசியம் காப்பதற்காக ஒரு தொழிலையே கைவிட்டார்கள். கீரிமலையில் அந்தக் கவலை இல்லை. அடுத்த வளவுக்காரர், "என்ன போட்டனீங்கள் அண்ணை?" என்று வேலிக்கு மேலால் கேட்டால், அளவோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.