கதைப்பதும் ஒரு வேலையா?

அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லோ 1948இல் ஒரு நூலை எழுதி முடித்தார். அது அச்சில் வந்ததோ 1952இல். வைத்தியர் ஒருவரின் பெயரும் சேராமல் தாதி தனியே நூல் எழுதுவதா என்ற தயக்கம்தான் காரணம்!

அந்தக் காலத்து மனநோய் வைத்தியசாலைகளில் தாதியின் வேலை பெரும்பாலும் காவல்தான். கையில் திறப்புக் கொத்து. குளிப்பாட்டு, சாப்பாடு, மருந்து. நோயாளியோடு இருந்து கதைத்தால் வேலைக்கள்ளி என்ற பெயர். (நாம் ‘அங்கொட கேஸ்’ என்று சிரிக்கிறோமே, அதே பார்வை.)

பெப்லோ அந்தக் கதைப்பதையே சிகிச்சை என்றார். இருவரும் முதலில் அந்நியர்களாகவே சந்திக்கிறார்கள். ஆகவே முன்பின் அறியாத விருந்தாளிக்குரிய மரியாதை நோயாளிக்கும் வேண்டும். தாதியின் பதற்றம் நோயாளிக்கும் தொற்றும். ஆகவே அவர் முதலில் தன் மனதைக் கவனிக்க வேண்டும். இரக்கம் மட்டும் போதாது, பயில வேண்டும் என்பதே அவரது பிடிவாதம்.

1950களில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டமேற்படிப்பைத் தொடங்கினார். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் கற்பித்த விதம். மாணவிகள் நோயாளியோடு கதைத்ததைச் சொல்லுக்குச் சொல் எழுதிவர வேண்டும். எந்த இடத்தில் நோயாளியின் பேச்சை வெட்டினோம், எந்த இடத்தில் அவசரப்பட்டு ஆறுதல் சொன்னோம் என்று அந்தத் தாளை வைத்தே பாடம் நடக்கும்.