களைக்குப் பெயரும் கணக்கும்

(நேரலை உரையின் எழுத்து வடிவம்)

டென்மார்க் நெல் விளையும் நாடல்ல. ஆனாலும் நம் வயற்களைகளின் கதையில் அதற்கு இடமுண்டு.

முதலில் பெயர். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் திரட்டிய செடிகளைக் கோபன்ஹேகனில் ராட்பல் ஆராய்ந்தார். 1773இல் வெளியான தன் நூலில் ராட்பல் கோரைகளை விவரித்து, ஓர் இனத்துக்கு டேனிஷ் தாவரவியலாளர் கில்லிங்கின் நினைவாகக் ‘கில்லிங்கா’ என்று பெயரிட்டார்.

பிறகு கணக்கு. களையால் வரும் விளைச்சல் இழப்பை 1985இல் இங்கிலாந்தின் ரோஜர் கசன்ஸ் ஒரு வளைகோடாக வரைந்தார். களை கூடினால் மொத்த இழப்பும் கூடும். ஆனால் களைகள் சிலவே இருக்கும்போதுதான் ஒவ்வொன்றும் செய்யும் கேடு அதிகம். நெருங்கிவிட்டால் அவை தமக்குள்ளேயே போட்டியிடும்.

மறு ஆண்டே டென்மார்க், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிப் பயன்பாட்டை 1997க்குள் பாதியாகக் குறைக்கத் திட்டமிட்டது. எந்த அளவு களையைப் பொறுக்கலாம், எவ்வளவு குறைந்த மருந்து போதும் என்பவை அரசின் கேள்விகளாயின. மருந்தளவு வளைகோடுகளில் உழைத்த கோபன்ஹேகனின் ஸ்ட்ரைபிக், 2005இல் ரிட்ஸுடன் சேர்ந்து ‘டிஆர்சி’ என்ற இலவச மென்பொருளை அறிமுகப்படுத்தினார்.

இந்தக் கணக்கை நம் வயலுக்குக் கொண்டுவந்தால் இன்னொரு கேள்வி எழும். பறிக்கும் கூலியைவிட இழப்பு குறைவு என்று கோடு சொல்லும் நாளில், களை எடுக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி இல்லை. அந்த இழப்பை எந்தக் கோட்டில் வரைவது?