நிலக்கரி வரியிலிருந்து கோபுரக் கடன் வரை: பிரைட்டன் நடைபாதைகளின் நிதி வரலாறு

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனில் நடப்பவர்களுக்கான இடத்தை யார் பணத்தில் அமைப்பது என்ற கேள்விக்கு 250 ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் கிடைத்துவந்துள்ளன. பணம் வரும் வழி மாறியபோதெல்லாம், எந்தத் தெருவுக்குக் கல் பாவுவது, எதை அப்படியே விட்டுவிடுவது என்பதும் மாறியது. புதிதாகக் கட்டுவதற்குப் பணம் திரட்ட இவ்வூர் ஒவ்வொரு காலத்திலும் ஒரு வழி கண்டது. நிலக்கரி வரிக்குப் பிறகு, கட்டியதைப் பேணுவதற்கு நிலையான வழி எதையும் காணவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது நலிந்துபோன மீனவர் ஊர். கடல்நீர் நோய் தீர்க்கும் என்று மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் எழுதிய நூல் 1750களில் செல்வந்தர்களை இங்கே இழுத்தது. மீனவர்கள் வலை உலர்த்திவந்த ஸ்டைன் என்ற புல்வெளி, வந்தவர்கள் மாலையில் உலாவும் இடமாயிற்று. பின்னர் அதற்கு வேலி வந்தது, வலைகள் வெளியேறின.

1773இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 64 நகர ஆணையர்களை நியமித்தது. தெருவிளக்கு, துப்புரவு, சந்தை ஆகியவற்றோடு கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுகளும் அவர்கள் பொறுப்பு. இதற்கென அவர்களுக்குக் கிடைத்த வருவாய்களில் முக்கியமானது நிலக்கரி வரி. அப்போது பிரைட்டனுக்குத் துறைமுகம் இல்லை. நிலக்கரிக் கப்பல்கள் கரையில் தட்டி நின்றே சரக்கை இறக்கும். இறங்கிய ஒவ்வொரு சால்ட்ரன் (அக்கால அளவை) நிலக்கரிக்கும் 6 பென்ஸ் வசூலிக்கப்பட்டது. 1810இல் இது 3 ஷில்லிங்காக, அதாவது ஆறு மடங்காக, உயர்ந்தது. நிலக்கரி ஏழை வீட்டு அடுப்பிலும் எரிந்த பொருள். விருந்தினர் உலாவிய கடலோரம் இடிந்து விழாமல் இருக்க உள்ளூர்ச் சமையலறை கப்பம் கட்டியது என்று சொன்னால் மிகையில்லை. ஆனாலும் அது ஊரிலேயே வசூலாகி, ஊராரே செலவிட்ட பணம். ஆண்டுதோறும் வந்தது, யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கடலை ஒட்டிச் செல்லும் கிங்ஸ் ரோடு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரால் திறக்கப்பட்டதும் இந்த ஆணையர்களின் காலத்தில்தான்.

1854இல் பிரைட்டன் முறையான நகராட்சி ஆனது. சொத்து வரியும், அதை நம்பி வாங்கும் கடனும் பெரிய வேலைகளுக்குக் கைகொடுத்தன. இக்காலத்தின் சாதனை மதீரா டெரஸ். நகராட்சிப் பொறியாளர் பிலிப் லாக்வுட் வடிவமைத்து, 1890 முதல் 1897 வரை கட்டப்பட்டது. பாறைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ 865 மீட்டர் நீளத்துக்கு வார்ப்பிரும்பு வளைவுகள். கீழே மழைக்கு ஒதுங்கி நடக்கலாம். மேல்தளத்தில் கடலைப் பார்த்தபடி நடக்கலாம். இரண்டையும் மேலே உள்ள சாலையோடு இணைக்க ஒரு லிஃப்ட். வளைவுகளின் உச்சியில் தாடி வைத்த கடல் தேவனின் முகமும் ஒரு பெண் தெய்வத்தின் முகமும் மாறிமாறி வரும். நடப்பவனுக்காக ஒரு நகராட்சி இவ்வளவு அழகாகச் செலவு செய்வதை இன்று எதிர்பார்க்க முடியாது.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி மோட்டார் வண்டிக்கே போயிற்று. நடப்பவர் மறுபடி கணக்கில் வந்தது 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு. உள்ளூர்ப் போக்குவரத்துத் திட்டம் வகுத்து மத்திய அரசிடம் மூலதன நிதி பெறும் முறை வலுப்பட்டது.

நியூ ரோடு இந்த யுகத்தின் முகம். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் தம் மாளிகையோரம் ஊரார் போய்வந்த வழியை அடைத்துவிட்டு, அதற்கு ஈடாக 1805இல் அமைத்த தெரு இது. 2007இல் டென்மார்க்கின் கெல் நிறுவனமும் லேண்ட்ஸ்கேப் புராஜெக்ட்ஸ் நிறுவனமும் இதைப் புதுப்பித்தபோது நடைபாதை விளிம்பையே எடுத்துவிட்டார்கள். சுவருக்குச் சுவர் ஒரே மட்டத்தில் கருங்கல் தளம். ஓரத்தில் நீண்ட மர இருக்கை. வண்டிகளுக்குத் தடை இல்லை, ஆனால் ஓட்டுநர் தயங்குவார். வண்டிப் போக்குவரத்து 93 சதவீதம் குறைந்தது, நடப்போர் 62 சதவீதம் கூடினர் என்று பிந்தைய கணக்கெடுப்பு காட்டியது. பாராட்டுகள் குவிந்தன. ஆனால் கைத்தடியால் விளிம்பைத் தட்டி வழி அறியும் பார்வையற்றவருக்கு விளிம்பில்லாத தெரு ஆபத்து. இந்த எதிர்ப்பு நாடெங்கும் வலுத்ததால், 2018இல் அரசு இத்தகைய ஒரே மட்டத் தெருக்களைப் புதிதாக அமைப்பதை நிறுத்திவைக்கச் சொன்னது.

உள்ளூரிலேயே திரளும் பணமும் ஒன்று உண்டு: வாகன நிறுத்தக் கட்டணம். அதன் உபரியைப் போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கே செலவிட வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. காரில் வருபவரின் காசு நடப்பவருக்கு வந்திருக்கலாம். பிரைட்டனிலோ அதன் பெரும்பகுதி முதியோர், மாற்றுத்திறனாளிகளின் இலவசப் பேருந்துப் பயணத்துக்குப் போகிறது. அதுவும் சட்டக் கடமைதான்; குறை சொல்ல முடியாது.

எனவே நகராட்சி இரண்டு பக்கம் திரும்பியது. ஒன்று, போட்டி நிதி: நகர மையப் பூங்காப் பகுதியைச் சீரமைக்கும் வேலி கார்டன்ஸ் (Valley Gardens) திட்டத்துக்கு வட்டாரப் பொருளாதாரக் கூட்டமைப்பின் வழியே 1.4 கோடி பவுண்டு ஒதுக்கீடு கிடைத்தது. மற்றொன்று, சூதாட்டத்துக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது. 162 மீட்டர் உயர ஐ-360 பார்வைக் கோபுரத்துக்கு நகராட்சியே அரசிடம் கடன் வாங்கி, 3.6 கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்தது. அதில் வரும் வருவாயில் கடற்கரையை மேம்படுத்தலாம் என்பது கணக்கு. 2016இல் கோபுரம் திறந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2024இல் கோபுரத்தை நடத்திய நிறுவனம் நொடித்தது. வட்டியோடு சேர்த்து 5.1 கோடி பவுண்டு வாராக்கடனானது.

இதற்கிடையே உப்புக்காற்று மதீரா டெரஸை அரித்துக்கொண்டிருந்தது. 2012இல் பாதுகாப்புக்காக வேலி போட்டார்கள். 2017இல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டபோது 4.6 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. புதிய திட்டத்துக்கு நிதி கேட்டால் திறப்பு விழா காட்டலாம். துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதற்கு எந்த அமைச்சரும் நாடா வெட்ட வருவதில்லை. நிலக்கரி வரி நியாயமற்றதாக இருக்கலாம்; ஆனால் ஆண்டுதோறும் பழுது பார்க்கப் பணம் கொடுத்தது அதுதான். அதன் இடத்துக்கு வந்த எந்த ஏற்பாட்டிலும் அந்தக் குணம் இல்லை.

மதீரா டெரஸின் சீரமைப்பு 2024இன் இறுதியில் தொடங்கியது. மொத்தம் 151 வளைவுகளில் முதல் கட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 28.