கர்ணன்: இழைக்கப்பட்ட அநீதியும் இழைத்த அநீதியும்

மகாபாரத மாந்தருள் மக்களின் பரிவை மிகுதியாகப் பெற்றவன் கர்ணன். கொடைக்கும் நட்புக்கும் செய்ந்நன்றிக்கும் அவன் பெயரே எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர்களின் குரலாகவும் அவன் வாசிக்கப்பட்டான். இவ்விரு வாசிப்புகளுக்கும் மூலநூலில் இடமுண்டு. ஆயினும், இரண்டையும் சேர்த்தாலும் முழுக் கர்ணன் கிடைப்பதில்லை. வியாசர் பெயரால் வழங்கும் நூல் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறைக்கவில்லை. அவன் பிறருக்கு இழைத்த அநீதியையும் மறைக்கவில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துவிடும் கணக்கை அந்நூல் ஏற்பதில்லை. கர்ணன் கதை உணர்த்தும் அறம் இதுவே.

முதலில் அவனுக்கு நேர்ந்ததைக் காண்போம். ஆதி பருவத்தில், துரோணரிடம் பயின்ற இளவரசர்கள் தம் திறனைக் காட்டும் அரங்கினுள் கர்ணன் நுழைகிறான். அருச்சுனன் நிகழ்த்திய அருஞ்செயல்களைத் தானும் நிகழ்த்திக் காட்டுகிறான். இருவரும் பொருத முற்படும் வேளையில் கிருபர் எழுந்து, அவனுடைய தாய் தந்தையர் யார், குலம் எது என்று கேட்கிறார். வில்லைக் கொண்டு எந்தக் கேள்விக்கும் விடை தரக்கூடியவன் இக்கேள்வியின் முன் தலைகுனிகிறான். துரியோதனன் அவ்விடத்திலேயே அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறான். அப்போது வளர்ப்புத் தந்தையாகிய அதிரதன் கோலூன்றி நடுங்கியபடி அரங்கினுள் வருகிறான். முடிசூட்டு நீரில் நனைந்த தலையோடு கர்ணன் அவனை வணங்குகிறான். தேர்ப்பாகனின் மகன் என்பது வெளிப்பட்டதும், உன் குலத்துக்குரிய சாட்டையை எடுத்துக்கொள் என்று வீமன் எள்ளுகிறான். பெற்ற தாய் குந்தி அதே அரங்கில் அமர்ந்திருக்கிறாள். மகனை அடையாளம் கண்டு மயங்கி விழுகிறாள். ஆனால் வாய் திறக்கவில்லை.

இக்காட்சியில் காவியத்தின் பரிவு யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. இங்கே கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. சூதர் என்போர் தேர் செலுத்துவோராக மட்டும் இருந்தவர் அல்லர். அரச குலங்களின் வரலாற்றைப் பாடிக் காத்தவர்களும் அவர்களே. நைமிசாரணியத்தில் சௌனகர் முதலிய முனிவர்களுக்கு மகாபாரதத்தை எடுத்துரைப்பவன் உக்கிரசிரவசு என்னும் சூதன். திருதராட்டிரனுக்குப் போர் நிகழ்வுகளைச் சொல்லும் சஞ்சயனும் சூதனே. சூதன் என்று ஒருவனை இகழும் கதையைச் சூதரின் நாவே நமக்குச் சொல்கிறது. அந்த இகழ்ச்சியின் வலி அதில் இத்துணைத் துல்லியமாகப் பதிந்திருப்பதில் வியப்பில்லை.

இனி அவன் செய்ததைக் காண்போம். சபா பருவத்தில் சூதாட்டம் முடிந்து திரௌபதி அவைக்கு இழுத்து வரப்படுகிறாள். தன்னை இழந்துவிட்ட ஒருவன் என்னைப் பணயமாக வைக்க உரிமையுடையவனா என்று அவள் எழுப்பிய கேள்விக்குப் பீஷ்மர் தெளிவான விடை தரவில்லை. அறத்தின் நுட்பத்தைக் காட்டி ஒதுங்குகிறார். துரியோதனனின் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து, அவள் வெல்லப்படவில்லை என்று காரணங்களோடு கூறுகிறான். அவனை மறுத்துப் பேசுபவன் கர்ணன். ஐவரை மணந்தவள் என்பதைச் சுட்டிப் பரத்தையென்று இகழ்வதும், பாண்டவரின் ஆடையோடு அவள் ஆடையையும் களையுமாறு துச்சாதனனை ஏவுவதும் அவன் வாய்மொழியே.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. முதலாவது, சுயம்வரத்தில் திரௌபதி அவனைச் சூதனென்று மறுத்ததால் விளைந்த வடு. புணேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவுசெய்த மகாபாரத ஆய்வுப் பதிப்பு இங்குத் துணைசெய்கிறது. பல்வேறு வட்டாரங்களின் சுவடிகளை ஒப்பிட்டு ஆதி பருவத்தைப் பதிப்பித்தவர் வி. எஸ். சுக்தாங்கர். திரௌபதி கர்ணனை மறுக்கும் அந்தப் புகழ்பெற்ற கூற்று அவர் நிறுவிய மூலபாடத்தில் இடம்பெறவில்லை. பாடவேறுபாடாக அடிக்குறிப்புப் பகுதிக்குச் சென்றுவிட்டது. அவையில் கர்ணன் பேசிய பேச்சு மூலபாடத்தில் நிற்கிறது. அதற்குக் காரணமாகக் காட்டப்படும் நிகழ்ச்சியோ நிற்கவில்லை. கொடுஞ்சொல்லுக்கு முன்னால் ஒரு வடுவை வைக்க வேண்டும் என்ற தேவை, கதையைக் கேட்டவர்க்கும் எழுதியவர்க்கும் பின்னர்த் தோன்றியிருக்கக்கூடும்.

இரண்டாவது சமாதானம் செய்ந்நன்றி. துரியோதனனின் உப்பைத் தின்றவன் வேறு எவ்வாறு நடந்திருக்க முடியும் என்பது வாதம். இதற்குரிய மறுமொழி விகர்ணனிடம் இருக்கிறது. அவனும் துரியோதனனுக்குக் கடன்பட்டவன், உடன்பிறந்தவன். அவையில் அண்ணனுக்கு எதிராக நியாயம் பேசிய அவனே போரில் அண்ணனுக்காகவே நின்று, துரோண பருவத்தில் வீமன் கையால் மடிகிறான். நன்றியும் நியாயமும் ஒருவனிடத்தில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்குக் காவியமே அதே அவையில் ஒரு சான்றை நிறுத்தியிருக்கிறது.

கர்ணனும் இதை அறியாதவன் அல்லன். உத்தியோக பருவத்தில், தூது முடித்துத் திரும்பும் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு சென்று பிறப்பின் உண்மையைச் சொல்லி அரசுரிமையை அளிக்க முன்வருகிறான். கர்ணனின் விடையில் முதலிடம் பெறுவது துரியோதனன் அல்லன். தன்னைக் கண்டதும் அன்பால் பால் சுரந்த ராதையும், பிறப்புச் சடங்குகளைச் செய்து பெயரிட்டு மணமுடித்து வைத்த அதிரதனும் முதலில் வருகின்றனர். சூதர் குலத்து மனைவியரும் பிள்ளைகளும் அடுத்து வருகின்றனர். அதன் பின்னரே துரியோதனனின் நட்பு. எந்தப் பிறப்பைக் காட்டி அவன் இகழப்பட்டானோ, அந்தக் குடும்பத்தைத் துறக்க மறுப்பதே அந்த மறுப்பின் வேர். அதே உரையாடலில், துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவரைப் பார்த்துச் சொன்ன கடுஞ்சொற்களுக்காக இன்று வருந்துகிறேன் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். இவ்வொப்புதலில் தன் பிறப்பையோ தனக்கு நேர்ந்த இழிவையோ காரணமாகக் காட்டவில்லை. அவனுக்காக வாதாடுவோர் எடுத்துவைக்கும் சமாதானம் அவன் வாயில் இல்லை.

பிற்கால இலக்கியம் வேறு வழிகளில் சென்றது. வன பருவத்தில் சூரியன் முன்கூட்டியே எச்சரித்தும் கவசகுண்டலங்களை ஈயும் கர்ணன், அதற்கு ஈடாக இந்திரனிடம் சக்தி ஆயுதத்தைக் கேட்டுப் பெறுகிறான். பாசன் பெயரால் வழங்கும் 'கர்ணபாரம்' நாடகத்திலோ அவன் எதையும் கேட்பதில்லை. இந்திரன் அனுப்பிய ஆயுதத்தையும் கொடைக்கு மாற்றுப் பெறுவதில்லை என்று மறுத்து, அந்தணன் சொல்லை மீறலாகாது என்பதற்காகவே ஏற்கிறான். பத்தாம் நூற்றாண்டில் கன்னடக் கவி பம்பன், தன் புரவலன் அரிகேசரியை அருச்சுனனாகவே வைத்து 'விக்கிரமார்ச்சுன விஜயம்' பாடியபோதும் கர்ணனின் பெருமையைக் குறைக்கவில்லை. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பாரதத்தில், களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணன் அந்தண வடிவில் வந்த கண்ணனுக்குத் தான் செய்த புண்ணியம் முழுவதையும் ஈகிறான். தாகூரின் 'கர்ண-குந்தி சம்வாதம்', 1952-இல் வெளிவந்த தினகரின் இந்திக் காவியம் 'ரஷ்மிரதி', 1967-இல் வந்த சிவாஜி சாவந்தின் மராத்தி நாவல் 'மிருத்யுஞ்ஜய்' ஆகியவை அவனுடைய தனிமையையும் சாதி இழிவையும் நடுவில் வைத்தன. இதே காலத்தில் மானிடவியலாளர் இராவதி கார்வே மராத்தியில் எழுதிய 'யுகாந்த', மாந்தரைப் பிற்கால மெருகு நீக்கிக் காண முயன்று, கர்ணனின் பிழைகளையும் தயங்காமல் எடைபோட்டது.

இம்மாற்றங்களைத் திரிபு என்று ஒதுக்குவது வரலாற்று நோக்காகாது. ஒவ்வொரு காலமும் தன் கேள்வியைக் கர்ணனிடம் கேட்டிருக்கிறது. பிறப்பை வைத்துத் தகுதியை மறுப்பது இன்றும் மறையாத நாட்டில் 'ரஷ்மிரதி' எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் அவனை மாசற்றவனாக்கும் முயற்சிக்கு ஒரு விலை இருக்கிறது. அவ்விலையைத் தருபவள் திரௌபதி. அவன் பட்ட அவமானம் பெரிதாகப் பேசப்படுந்தோறும், அவையில் அவள் பட்ட அவமானம் அவன் கதையின் ஓர் இடைநிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. ஒடுக்கப்பட்டவன் என்பதனாலேயே ஒருவன் பிறரை ஒடுக்க இயலாதவன் ஆகிவிடுவதில்லை. ஒடுக்கினான் என்பதனாலேயே அவன் பட்டது பொய்யாகிவிடுவதும் இல்லை.

கர்ண பருவத்தின் இறுதியில், மண்ணில் புதைந்த தேர்ச்சக்கரத்தைத் தூக்கும்வரை பொறுக்குமாறு அவன் அறத்தின் பெயரால் வேண்டுகிறான். திரௌபதியை அவைக்கு இழுத்து வந்தபோது அந்த அறம் எங்கே போயிற்று என்று கண்ணன் கேட்கிறான். கேள்வி நியாயமானது. ஆயுதமின்றிச் சக்கரத்தோடு போராடுபவனை வீழ்த்துவது நியாயமா என்ற கேள்வியும் அதனோடு அழியாமல் நிற்கிறது. காவியம் இரண்டில் எதையும் அழிக்கவில்லை.

போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான் குந்தி உண்மையைச் சொல்கிறாள். சாந்தி பருவத்தின் தொடக்கத்தில் தருமன் ஒன்றை நினைவுகூர்கிறான். சூதாட்ட அவையில் கர்ணனின் கொடுஞ்சொற்களைக் கேட்டுச் சினம் மூண்டபோதெல்லாம், அவனுடைய பாதங்களைக் கண்டதும் அச்சினம் தணிந்ததாம். அவை தன் தாயின் பாதங்களைப் போலவே இருந்தனவாம். காரணம் அன்று அவனுக்கு விளங்கவில்லை. கொடுஞ்சொல் பேசிய வாயும் அன்னையின் சாயல் கொண்ட பாதங்களும் ஒரே உடலுக்குரியவை. கர்ணனை ஓர் அறப்பாடமாக மாணவர்க்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.